இரண்டு நிமிடமும் நான்கு செக்கன்களும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் இடம்பெற்ற உரை)



இலக்கியம் பற்றிப் பேச ஒதுக்கப்பட்ட நேரத்தில் குத்துச்சண்டை பற்றிப் பேச வந்திருக்கிறாரே இவர் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். மனிதனை மனிதன் அடித்து வீழ்த்துவதைக் காசு கொடுத்துப் பார்க்கும் ஒரு காரியத்துக்கும் எழுத்துக்கும் என்ன உறவு? ஆனால் உறவு இருக்கிறது, அது பழையதும்கூட. ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிற் 1822 இலேயே ஒரு குத்துச்சண்டையை நேரிற் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதினார். ஜாக் லண்டன், ஹெமிங்வே, நோர்மன் மெயிலர், ஜொய்ஸ் கரோல் ஓட்ஸ் என்று அந்த வரிசை நம் காலம்வரை நீளுகிறது. இத்தனை பேரை இழுக்கும் அளவுக்கு அந்தச் சதுர மேடையில் என்னதான் இருக்கிறது என்பதை ஒரேயொரு சண்டையை எடுத்துக்கொண்டு பார்ப்பதே இன்றைய என் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்ட சண்டை 1938 ஜூன் 22 ஆந் திகதி இரவு, நியூயோர்க் நகரின் யாங்கி விளையாட்டரங்கில் நடந்தது. உலக அதிபார நிறைப் பட்டத்துக்கான சண்டை. பட்டத்தை வைத்திருந்தவர் ஜோ லூயிஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர். எதிர்த்து நின்றவர் மக்ஸ் ஷ்மெலிங் என்ற ஜேர்மனியர். அரங்கில் எழுபதாயிரம் பேர் வரை இருந்தார்கள். ஆனால் அந்தச் சண்டையின் உண்மையான சபை அரங்குக்கு வெளியே இருந்தது. கோடிக்கணக்கானோர் அதை வானொலியிலேதான் கேட்டார்கள். ஒரே ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அந்தக் காலத்துக் கதை இது. வானொலியிற் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சண்டை வேறில்லை.

முதலில் லூயிஸைப் பற்றிச் சொல்லவேண்டும். 1914 இல் அலபாமா மாநிலத்தில் ஏழைக் குத்தகை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். குடும்பம் வேலை தேடி 1926 இல் வடக்கே டெற்றோயிட் நகருக்கு இடம்பெயர்ந்தது. பையன் வயலின் பழகட்டும் என்று தாய் கொடுத்த காசை அவர் குத்துச்சண்டைக் கூடத்துக்குக் கட்டினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை.

அவர் மேடையேறியபோது ஒரு பழைய நினைவு அமெரிக்காவை விட்டுப் போகவில்லை. லூயிஸுக்கு முன்னர் ஜாக் ஜோன்சன் என்ற கறுப்பர் 1908 முதல் 1915 வரை அதே உலகப் பட்டத்தை வைத்திருந்தார். தோற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார், வெள்ளைப் பெண்களை மணந்தார், யாருக்கும் தலை வணங்கவில்லை. 1910 இல் அவர் ஜெஃப்ரீஸ் என்ற வெள்ளையரை வென்ற இரவில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் வெடித்தது; கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். அவர் பட்டத்தை இழந்த பின்னர் இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

ஆகவே லூயிஸின் முகாமையாளர்கள் அவருக்குக் கைவிரலில் எண்ணிச் சில கட்டளைகள் இட்டார்கள். வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுந்தவனைப் பார்த்து மகிழக் கூடாது. இரவு விடுதிக்குத் தனியே போகக் கூடாது. லூயிஸ் இவற்றைக் கடைப்பிடித்தார். புகைப்படங்களில் அவருடைய முகம் எந்த உணர்ச்சியும் காட்டாத முகமாகவே இருக்கிறது. வெல்லலாம், ஆனால் வென்றதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதே அந்தக் கட்டளைகளின் சாரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1936 ஜூனில், இன்னும் தோல்வியே அறியாதவராக இருந்த லூயிஸ் முதல் தடவையாக ஷ்மெலிங்கைச் சந்தித்தார். ஷ்மெலிங் முன்னாள் உலகச் சம்பியன், வயது முப்பது, அவருடைய காலம் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் கருதினார்கள். ஆனால் அவர் யோசித்துச் சண்டை பிடிப்பவர். லூயிஸின் முந்தைய சண்டையொன்றைக் கவனித்திருந்தபோது, இடது கையால் குத்தியதும் லூயிஸ் அந்தக் கையைச் சற்றுத் தாழ விடுகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்த இடைவெளியினூடாக வலது கையை இறக்கினார். பன்னிரண்டாவது சுற்றில் லூயிஸ் விழுந்தார், எழும்பவில்லை. அன்று ஹார்லெம் தெருக்களில் வளர்ந்த ஆண்களே அழுததைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். ஷ்மெலிங்கோ ஹிண்டன்பேர்க் ஆகாயக் கப்பலில் ஊர் திரும்பி, ஹிட்லரின் விருந்தாளியானார்.

அடுத்த ஆண்டு, 1937 ஜூன் 22 இல், லூயிஸ் சிக்காகோவில் ஜேம்ஸ் பிரடொக்கை வீழ்த்தி உலகச் சம்பியனானார். நியாயப்படி பார்த்தால் பிரடொக்கோடு மோதும் உரிமை ஷ்மெலிங்குக்கே இருந்தது. பட்டம் நாஜி ஜேர்மனிக்குப் போய்விடும் என்ற அச்சமும் பணக் கணக்கும் சேர்ந்து அவரைப் பின்தள்ளின. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஷ்மெலிங்கை வெல்லும்வரை தம்மைச் சம்பியன் என்று அழைக்க வேண்டாம் என்று லூயிஸே சொன்னார். சரியாக ஓராண்டு கழித்து, அதே ஜூன் 22 இல், இருவரும் மறுபடி சந்தித்தார்கள்.

இதற்கிடையில் உலகம் மாறியிருந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கியிருந்தார். இரண்டு மனிதர்களின் சண்டை இரண்டு நாடுகளின் சண்டையாகப் பேசப்பட்டது. ஜனநாயகத்தின் பக்கம் லூயிஸ், இனவெறியின் பக்கம் ஷ்மெலிங் என்று பத்திரிகைகள் எழுதின. எந்த ஜனநாயகம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதே அமெரிக்காவின் தெற்கிலே கறுப்பர் வெள்ளையரோடு ஒரே உணவுச்சாலையில் அமர முடியாது. வாக்களிக்கப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. மரத்திலே தூக்கிலிட்டுக் கொல்லும் கும்பல்கள் தண்டனை பெறுவது அபூர்வம். பெரிய பேஸ்போல் அணிகளின் கதவு 1947 வரை கறுப்பருக்குத் திறக்கவில்லை. நாட்டின் மானத்தை ஒரு கறுப்பரின் கையில் கொடுத்த அந்த நாடு, அவருடைய இனத்தவருக்கு உரிய மானத்தைக் கொடுக்க மறுத்தது.

சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லூயிஸ் 198 இறாத்தலுக்குச் சற்று மேல். ஷ்மெலிங் 193 இறாத்தல். மணி அடித்ததும் லூயிஸ் நேரே போனார். ஷ்மெலிங் கயிற்றிலே சாய்ந்தபடி உடலைத் திருப்பினார். அப்போது லூயிஸின் வலது கை அவருடைய நாரிப் பக்கமாக இறங்கியது. ஷ்மெலிங் அலறிய சத்தம் மேடையருகே இருந்தவர்களுக்குக் கேட்டது. முள்ளந்தண்டு எலும்பின் ஒரு பகுதி முறிந்திருந்தது என்று பின்னர் வைத்தியசாலையில் தெரியவந்தது. மூன்று தடவை விழுந்தார். அவருடைய பயிற்சியாளர் துவாயை மேடையில் எறிந்தார். நியூயோர்க் விதிகளின்படி அது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாது. நடுவர் ஆர்தர் டொனோவன் அதை எடுத்து வீசிவிட்டார். பின்னர் நிலைமையைப் பார்த்துத் தாமே சண்டையை நிறுத்தினார். தொடங்கி இரண்டு நிமிடமும் நான்கு செக்கன்களுமே ஆகியிருந்தன. ஜேர்மனியில் அப்போது அதிகாலை மூன்று மணி. அங்கேயும் மக்கள் கண்விழித்து வானொலி முன் இருந்தார்கள்.

இவ்வளவுதான் சண்டை. விளையாட்டுப் பதிவேட்டில் ஒரு வரி. ஆனால் இலக்கியம் தொடங்குவது இந்த ஒரு வரி முடியும் இடத்திலேதான். வானொலிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? மூன்று சாட்சிகளை உங்கள் முன் நிறுத்துகிறேன்.

முதலாவது சாட்சி ஜிம்மி கார்ட்டர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவர். அன்று ஜோர்ஜியா மாநிலத்துக் கிராமமொன்றில் பதின்மூன்று வயதுச் சிறுவன். தந்தை நிலக்கடலைத் தோட்டக்காரர். வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்தே வாழவேண்டும் என்பதில் உறுதியானவர். அயலிலிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் வந்து, சண்டையைக் கேட்கலாமா என்று பணிவாகக் கேட்டார்கள். வீட்டுக்குள்ளே அவர்கள் வர முடியாது. ஆகவே வானொலிப் பெட்டி யன்னலில் வைக்கப்பட்டது. அவர்கள் வெளியே மரத்தடியில் நின்றார்கள். லூயிஸ் வென்றார். தந்தைக்கு ஏமாற்றம். வெளியே நின்றவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐயாவுக்கு நன்றி என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, ஒழுங்கையைக் கடந்து, புகையிரதப் பாதையையும் கடந்து தங்களுடைய வீடொன்றுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டிலிருந்து ஆரவாரம் வெடித்தது, இரவெல்லாம் நீடித்தது. 1975 இல் வெளியான தமது சுயசரிதை நூலில் கார்ட்டர் இதை எழுதியிருக்கிறார்.

அந்தச் சாத்திய கதவைப் பற்றி நான் பலதடவை யோசித்ததுண்டு. மரத்தடியிலிருந்து அந்த வீட்டு வாசல்வரை நடந்த தூரம் கொஞ்சந்தான். அந்தத் தூரத்தில் அவர்கள் தங்கள் மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல் சுமந்து சென்றார்கள். லூயிஸுக்கு முகாமையாளர்கள் இட்ட கட்டளை நினைவிருக்கிறதா? வெல்லலாம், காட்டிக்கொள்ளக் கூடாது. அந்தக் கட்டளை மேடையில் நின்ற ஒருவருக்கு மட்டும் இடப்பட்டதன்று. அந்த மரத்தடியில் நின்ற ஒவ்வொருவருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, பிறந்தநாள் முதல் இடப்பட்டிருந்த கட்டளை அது. துக்கத்தை மறைப்பது பற்றி உலக இலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது. சந்தோஷத்தை மறைக்க வேண்டிய நிலைமை பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் துல்லியமாகவும் சொன்ன இன்னொரு காட்சியை நான் வாசித்ததில்லை.

இரண்டாவது சாட்சி எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ. 1969 இல் வெளியான அவருடைய முதலாவது சுயசரிதையில் ஓர் அத்தியாயம் முழுவதும் வானொலியில் லூயிஸின் சண்டையைக் கேட்ட ஓர் இரவைப் பற்றியது. இடம் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஸ்ராம்ப்ஸ் என்ற சிற்றூர். பாட்டியின் பலசரக்குக் கடை. எதிராளி இத்தாலியரான பிறிமோ கார்னேரா. கடைக்குள் நிற்க இடமில்லை, விறாந்தையிலும் ஆட்கள். குளிர்பானம் வாங்குபவர்களின் சில்லறையைக் காசுப் பெட்டிக்குள் போடாமல் அதன் மேலே வைக்கிறார்கள் பிள்ளைகள். பெட்டியின் மணிச் சத்தம் கேட்கக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. சண்டையின் நடுவே லூயிஸ் கயிற்றில் ஒடுங்குகிறார். கடைக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர் விழுந்தால் தாங்கள் எல்லோரும் விழுந்துவிடுவோம், தங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட இழிவான வார்த்தைகள் யாவும் உண்மையாகிவிடும் என்று அந்தக் கூட்டம் நடுங்குகிறது. பின்னர் லூயிஸ் மீள்கிறார், வெல்கிறார், உலகச் சம்பியன் என்ற அறிவிப்பு வருகிறது.

இங்கே ஒரு சுவையான விடயம் உண்டு. லூயிஸும் கார்னேராவும் மோதியது 1935 ஜூனில். அது பட்டத்துக்கான சண்டையே அல்ல. கார்னேரா அதற்கு முந்தைய ஆண்டே பட்டத்தை இழந்துவிட்டார். லூயிஸ் சம்பியனாவதற்கோ இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அத்தோடு, அந்தச் சண்டையில் ஆரம்பம் முதலே லூயிஸின் கைதான் ஓங்கியிருந்தது. ஆறாவது சுற்றில் மூன்று தடவை விழுத்தப்பட்டவர் கார்னேராதான். அப்படியானால் ஏஞ்சலோ எழுதியது பிழையா?

பதிவேட்டின்படி பிழைதான். ஆனால் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தக் கடைக்குள் கேட்டது ஒரு சண்டையை மட்டுமல்ல. தன்னைச் சுற்றியிருந்த பெரியவர்களின் பயத்தையும் சேர்த்தே அவள் கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுத உட்கார்ந்தபோது, லூயிஸின் பல சண்டைகள் ஒரே சண்டையாகக் கூடிவிட்டன. மேடையில் லூயிஸ் தள்ளாடவில்லை. கடைக்குள் இருந்தவர்களின் நெஞ்சுதான் தள்ளாடியது. அந்தத் தள்ளாட்டத்தை எழுத்தாளர் லூயிஸின் கால்களுக்குக் கொடுத்துவிட்டார். வரலாற்றுக்குத் திகதி முக்கியம். இலக்கியத்துக்கும் திகதி வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் திகதி சொல்லாத ஒன்றை இந்தத் தவறிய நினைவு சொல்கிறது. அந்த அத்தியாயத்தின் முடிவையும் பாருங்கள். தூரத்தில் வீடுள்ளவர்கள் அன்றிரவு ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறார்கள். கறுப்பரே உலகில் வலிமை மிக்கவர் என்று லூயிஸ் நிரூபித்த இரவிலே, கறுப்பர் குடும்பமொன்று தனி வழியில் அகப்படுவது ஆபத்து! கார்ட்டர் கண்ட சாத்திய கதவின் மறுபக்கத்தில் இருந்தவர்களின் குரலே இது.

மூன்றாவது சாட்சி ரிச்சர்ட் ரைட். 1940 இல் தம்முடைய நாவலால் உலகப் புகழ் பெறப் போகிறவர். 1938 இல் இடதுசாரிப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர். சண்டை முடிந்து இரண்டு கிழமைகளுக்குள் ‘நியூ மாஸஸ்’ சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வந்தது. அரங்கில் நடந்ததை அவர் ஒரு பொம்மலாட்டமாகவே காண்கிறார். ஆட்டுவிப்பவர்கள் வேறு, ஆடியவர்கள் இருவரும் அடையாளங்கள். இப்படிச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தியிருந்தால் அது வறட்டு விமர்சனமாக இருந்திருக்கும். அவர் ஹார்லெம் தெருக்களுக்கு இறங்கி வருகிறார். அங்கே பொங்கி வழியும் மனித வெள்ளத்தைப் பார்க்கிறார். வடக்கிலே கதவைச் சாத்தவேண்டியதில்லை. மகிழ்ச்சி தெருவுக்கே வந்துவிட்டது. பொம்மலாட்டத்தைப் பார்த்துப் பிறந்த சந்தோஷமானாலும், சந்தோஷம் பொம்மையல்ல என்பதை ரைட் உணர்ந்திருந்தார். லூயிஸ் அவரை விடவில்லை. 1941 இல் லூயிஸைப் பற்றி அவர் ஒரு பாடல் எழுதினார். கவுண்ட் பேஸியின் இசைக்குழுவோடு போல் றொப்சன் அதைப் பாடினார்.

இனி, அடையாளங்களாக ஆக்கப்பட்ட அந்த இரண்டு மனிதர்களிடம் வருவோம்.

ஷ்மெலிங் ஹிட்லரோடு விருந்துண்டவர், படங்களுக்கு நின்றவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. அவருடைய அமெரிக்க முகாமையாளர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். அவரைக் கைவிடும்படி வந்த நெருக்குதலுக்கு ஷ்மெலிங் இணங்கவில்லை. இந்தச் சண்டை நடந்து ஐந்து மாதங்களுக்குள், 1938 நவம்பரில், ஜேர்மனியெங்கும் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டபோது, யூத நண்பர் ஒருவரின் இரண்டு மகன்களைத் தம்முடைய பேர்லின் ஹோட்டல் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த இருவரில் ஒருவரே 1989 இல் வெளிப்படுத்தியபோதுதான் உலகம் அறிந்தது. போரிலே அவர் பரசூட் படையில் சேர்க்கப்பட்டு, 1941 இல் கிறீற் தீவில் காயமடைந்தார். லூயிஸிடம் தோற்றதற்காகத் தாம் ஏறக்குறைய மகிழ்ச்சியடைவதாக முதுமையில் சொன்னார். வென்று திரும்பியிருந்தால் நாஜிகள் தம்மை என்னவாக ஆக்கியிருப்பார்களோ என்பது அவருடைய எண்ணம்.

லூயிஸ் 1942 இல் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தார். அந்த இராணுவத்திலும் கறுப்பருக்குத் தனிப் பிரிவுதான். அந்த ஆண்டு இரண்டு பட்டச் சண்டைகளில் கிடைத்த தம்முடைய பங்கைக் கடற்படை, தரைப்படை நலன்புரி நிதிகளுக்குக் கொடுத்தார். கறுப்பரைச் சமையற்கூடத்திலும் பரிமாறும் வேலையிலும் மட்டுமே வைத்திருந்த கடற்படை அது! 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து இருபத்தைந்து தடவை காத்துக்கொண்டார். ஆனால் வரிப் பாக்கி வட்டியோடு சேர்ந்து பத்து லட்சம் டொலரைத் தாண்டியது. கடனுக்காகத் திரும்பவும் மேடையேறினார். 1951 இல் மார்சியானோவிடம் அடிபட்டு விழுந்தார். காட்சி மல்யுத்தம்கூடச் செய்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியொன்றில் வருவோரை வரவேற்கும் வேலை. ஒரு நாட்டின் மானத்தைக் காத்தவர் என்று போற்றப்பட்டவருக்கு நாடு கொடுத்த சம்பளம் இது.

1954 இல் ஷ்மெலிங் அமெரிக்காவுக்குப் போய்ச் சிக்காகோவில் லூயிஸைத் தேடிக் கண்டார். இருவரும் நண்பர்களானார்கள். கொக்கா கோலா வியாபாரத்தில் செல்வந்தராகிவிட்ட ஷ்மெலிங், நொந்துபோயிருந்த லூயிஸுக்குப் பண உதவி செய்தார் என்றும், 1981 ஏப்ரலில் லூயிஸ் இறந்தபோது அடக்கச் செலவிலும் பங்கெடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. லூயிஸ் ஆர்லிங்டன் இராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஷ்மெலிங் 2005 இல், தொண்ணூற்றொன்பது வயதில் காலமானார்.

நேயர்களே, இந்த நட்பைச் சொல்லி எல்லாம் நலமாக முடிந்தது என்று உரையை முடிப்பது எளிது. எனக்கு அதில் மனமில்லை. அந்த இருவரும் கைகுலுக்கியதால் மரத்தடியில் நின்றவர்களின் நிலைமை மாறிவிடவில்லை. ஒரு மனிதனுடைய கைமுட்டியில் ஒரு சனத்தின் மானத்தையே கட்டிவிடுவது அந்த மனிதனுக்கும் பாரம். அந்தச் சனத்துக்கும் ஆபத்து. அவன் தோற்றால் தெருவில் அழவேண்டும். வென்றாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரிக்கவேண்டும். இருந்தும், வேறெந்த மேடையிலும் இடம் கொடுக்கப்படாதவர்கள், சமமான விதிகளோடு ஒருவருக்கொருவர் எதிரே நிற்க முடிந்த அந்த ஒரே மேடையின் மீது தங்கள் நம்பிக்கையை வைத்ததை எப்படிக் குறை சொல்வது? இதற்கு என்னிடம் முடிந்த முடிபான விடை இல்லை. ஏஞ்சலோவும் ரைட்டும் கூட விடை சொல்லவில்லை. அந்த இரவுகளை உள்ளபடி காட்டினார்கள், அவ்வளவே.

யார் வென்றார், எந்தச் சுற்றில் வென்றார் என்பதைப் பதிவேடு காப்பாற்றி வைத்திருக்கும். காசுப் பெட்டியின் மேலே சத்தமில்லாமல் வைக்கப்பட்ட சில்லறையையும், புகையிரதப் பாதைக்கு அப்பால் சாத்தப்பட்ட அந்தக் கதவையும் எழுத்து காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்?